எழும்பூர் மணற்பள்ளியும் பெல் ஐயரும்

தென்னாட்டிலிருந்து புகைவண்டியேறிச் சென்னைக்கு வருவோர் பலர் எழும்பூர் நிலையத்தில் இறங்குவர். மாடங்களும் வளைவுகளுமாய் விளங்கும் அந்நிலையம் 1908-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னே அப்பகுதியில் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சிறு கோட்டையொன்று இருந்தது. 1789-ஆம் ஆண்டில் அக்கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடம் புகுந்தது. அங்கே சேர்க்கப்பட்ட சிறுவர் தந்தையரை இழந்தவர். அல்லது தந்தையர் இருந்தும் இல்லாதவர். அவர்கள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தனர். அம்மணலிலிருந்து கிளம்பிய போதனாமுறை ஒன்று சில பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்து முழுதும் பரவி, வேறு பல நாடுகளுக்கும் சென்று, சென்னை முறை என்னும் பெயரால் வழங்கலாயிற்று. அம்முறையை உலகறியச் செய்த ஆண்ட்ரூ பெல் ஐயரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அவர் வாழ்க்கை முழுவதும் ஒரு வினாவோடு பின்னிக் கிடக்கின்றது. ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம் என்பதே அவ்வினா. அப்பிள்ளைகள் எவ்வகைக் குடும்பத்தினர் என்பது அதனோடு ஒட்டிய மற்றொரு வினா. இவை பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிற்கு மட்டும் உரிய கணக்குகள் போலத் தோன்றும். ஆயினும், அவ்வேட்டிலுள்ள ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தொடுகின்றது என்பதைப் பெல் ஐயரின் வரலாறு நமக்கு நன்கு விளக்கும்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து தேசத்தில் கடலோரத்தே பழமையான சர்வகலாசாலையொன்றால் பெயர்பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் நகரில், 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் ஆண்ட்ரூ பெல் பிறந்தார். அவர் தந்தை முடிதிருத்தும் தொழிலினர். ஆயினும் இயந்திர நுட்பங்களில் ஈடுபாடுடையவர். நகரத்தாரிடையே நன்மதிப்புப் பெற்றவர். அக்காலத்துப் பள்ளிகளில் பிரம்பே முதல் உபாத்தியாயர் என்னுமாறு தண்டனை மிகுந்திருந்தது. அதன் கொடுமையைச் சிறுவனாயிருந்தபோதே பெல் கண்டறிந்தார். பின்னர்த் தம் ஊர்ச் சர்வகலாசாலையிலேயே சேர்ந்து, கணிதத்திலும் இயற்கை விஞ்ஞானத்திலும் சிறப்புற்றார்.

கையில் பொருளில்லாத கல்விமான்கள் கடல் கடந்து செல்வது அந்நாளில் வழக்கம். பெல்லும் 1774-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்றார். அங்கே, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவருள் ஒருவரான கார்ட்டர் பிராக்ஸ்டன் என்பாரின் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1781-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்புகையில் அவர் ஏறிய கப்பல் நோவாஸ்கோஷியாக் கரையருகே உடைந்தது. உயிர்தப்பி ஊர் சேர்ந்த அவர், சில ஆண்டுகளுக்குப்பின் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, லீத் என்னும் துறைமுக நகரில் ஊழியஞ் செய்தார்.

ஒருவர் வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை அருகிருத்திப் போதிப்பதே அதுவரை அவர் அறிந்திருந்த ஆசிரியத் தொழில். பெருங்கூட்டமான பிள்ளைகளை எதிர்நோக்கும் நிலை அவருக்குச் சென்னையிலேதான் வந்து வாய்த்தது.

சென்னை வருகை

1787-ஆம் ஆண்டில் பெல் ஐயர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவர் முதலில் நாடியது கல்கத்தாவை. எனினும் சென்னையில் அவர் நிகழ்த்திய விஞ்ஞான விரிவுரைகளுக்குப் பெருமதிப்புக் கிடைத்தது. கும்பெனியாரின் படைப்பிரிவுகள் பலவற்றிற்கும் குருவானவர் என்னும் பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஆகவே அவர் ஈண்டே தங்கினார். அப்பதவிகளால் வேலை அதிகமில்லை, வருமானமோ ஏராளம். இந்நாட்டிலிருந்து புறப்படுகையில் அவரிடம் 25,000 பவுனுக்கு மேற்பட்ட பொருள் சேர்ந்திருந்தது. பொருளீட்டுவதில் அவருக்கிருந்த ஆசையை மறைப்பது சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று.

அத்தகையவர் ஊதியமின்றிச் செய்த ஒரு வேலையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. சென்னைக் கோட்டையைச் சூழ்ந்து, ஐரோப்பியப் போர்வீரர்க்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். தந்தை போரில் மடிந்தாலும், நோயில் மாண்டாலும், கப்பலேறிச் சென்றுவிட்டாலும் அவர்கள் கதியற்றனர். தந்தையின் இனத்தார் அவர்களை ஏற்றிலர். தாயின் உறவினரும் ஏற்றிலர். கவர்னராயிருந்த சர் ஆர்ச்சிபால்டு காம்பெல்லின் மனைவியார் 1787-ஆம் ஆண்டில் இத்தகைய பெண்பிள்ளைகளுக்கு ஓர் அநாதை விடுதியை ஏற்படுத்தினார். அதனைப் பின்பற்றி 1789-ஆம் ஆண்டில் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு விடுதி எழும்பூரில் அமைந்தது. அதன் கண்காணிப்பு பெல் ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதற்கென வகுத்த சம்பளத்தை அவர் வேண்டாவென மறுத்துவிட்டார்.

இப்பிள்ளைகளின் எதிர்காலம் எத்துணை இருண்டிருந்தது என்பதை அறிய இரண்டு ஆணைகளைக் குறிப்பிடுதல் போதும். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர் எவரையும் கும்பெனியின் சிவில், இராணுவ, கடற்படை உத்தியோகங்களில் அமர்த்தலாகாது என்று 1791-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த இயக்குநர்கள் விதித்தனர். 1795-ஆம் ஆண்டில் அவ்விதி இன்னும் இறுகிற்று. முரசடித்தல், குழலூதுதல், குதிரைக்கு லாடமடித்தல் போன்றவை தவிரப் படையில் அவர்களுக்கு வேறு வேலை இல்லையென்றாயிற்று. ஆதலின் எழும்பூர்ச் சிறுவனுக்கு அவன் கையில் எழுதும் எழுத்தே உறவும் சொத்துமாயிருந்தது. அங்கே ஒரு பிள்ளை படிக்கத் தவறினால் அவனைத் தாங்குவார் ஒருவருமிலர்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

பள்ளி தொடங்கியபோது பிள்ளைகள் சிலரே. விரைவில் அத்தொகை பெருகி, 1796-ஆம் ஆண்டளவில் 200-ஐ எட்டியது. உபாத்தியாயர்களோ மிகச் சிலர். அவர்கள் பயிற்சியற்றவர், சற்றே தேறியதும் வேறிடத்தில் மிகுந்த சம்பளம் நாடிப் போய்விடுவர், புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னாலோ முகஞ் சுளிப்பர். அரிச்சுவடி வகுப்பில் எழுத்துக்களைக் கற்பிக்கவே மாதக்கணக்காயிற்று. தாளும் மையும் இறகுப் பேனாவும் விலையுயர்ந்த பொருள்கள். சிறுவர் கையில் அவை வீணாகக் கழிந்தன.

ஒருநாட் காலை பெல் ஐயர் குதிரைமீதேறிச் செல்லும்போது, தமிழ்ப் பள்ளிக்கூடமொன்றைக் கண்டார். திண்ணைப் பள்ளிக்கூடம் என நம் முன்னோர் நன்கறிந்தது அது. பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தனர். அண்ணாவி பனையோலையையும் எழுத்தாணியையும் பிள்ளையின் கையில் கொடுக்குமுன் மணலிலே கைபழக்குவது நம் நாட்டுத் தொன்றுதொட்ட வழக்கமன்றோ! 1623-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய யாத்திரிகரான பியெத்ரோ தெல்லா வால்லே, கன்னட நாட்டு இக்கேரிப் பயணத்தில், கோயில் முன்றிலில் சிறுவர் மணலில் எழுதி ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்டதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

பெல் ஐயர் குதிரையைத் திருப்பி நேரே பள்ளிக்கு வந்தார். அரிச்சுவடி வகுப்பாரை அவ்வாறே மணலில் எழுதப் பழக்குமாறு உதவி உபாத்தியாயரிடம் கூறினார். அவ்வுபாத்தியாயர் அஃது ஆகாதென மறுத்தார். வற்புறுத்தியும் பயனில்லை. அப்பொழுது பெல் ஐயர், போர்வீரர் ஒருவரின் மகனாகிய ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். பெரியவர் ஆகாதென்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். எழுத்துக்களைத் தானே சற்றுமுன் கற்றிருந்தமையால், கற்பவன் எவ்விடத்தில் தடுக்கி நிற்பான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பு முன்னேறிற்று. பின்னர் மற்ற கீழ்வகுப்புகளுக்கும் அவ்வாறே சிறுவர் தலைவராயினர்.

மணலில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்தே கொண்டதாகப் பெல் ஐயர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குப் பாடஞ் சொல்லும் முறையோ, தம் தேவையிலிருந்து தாமே கண்டதென்று இறுதிவரை சாதித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்கு முறை சொல்லிக் கொடுத்ததை அறிந்தோர் இதைக் கேட்டுப் புன்முறுவல் செய்வர். 1823-ஆம் ஆண்டில் பல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்த காம்பெல் என்பார், தேறிய பிள்ளைகள் தேறாதவர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டுச் சிக்கன முறையை இங்கிலாந்து பின்பற்றியது தக்கதே என்று தம் அறிக்கையில் எழுதினார்.

எழும்பூர்ப் பள்ளி நடந்த வகை

பெல் ஐயர் அம்முறையை ஓர் ஒழுங்குக்குள் அமைத்தார். ஒவ்வொரு வகுப்பையும் இருவர் இருவராகப் பிரித்தார். அவருள் தேறியவன் கற்பிப்பவன், மற்றவன் கற்பவன். வகுப்புக்கு ஒரு சிறு ஆசிரியனும் அவனுக்கோர் உதவியாளனும் உண்டு. அவர்கள்மேல் வளர்ந்த மாணாக்கர் சிலர், அவர்கள்மேல் உபாத்தியாயர், எல்லார்க்கும் மேல் கண்காணிப்பாளர். பாடம் சிறிதாக இருக்கும்; அது முற்றும் தேறிய பின்னரே அடுத்தது. விடை தவறியவன் கீழே இறங்க, சரியாகச் சொன்னவன் மேலிடம் ஏறுவான். தம் வகுப்பில் முந்துவோர் மேல்வகுப்புக்கும், பிந்துவோர் கீழ்வகுப்புக்கும் மாற்றப்படுவர்.

குற்றங்களைக் குறிக்க ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. வாரந்தோறும் அதனைச் சபைமுன் படிப்பர். மாணாக்கருள்ளிருந்தே தெரிந்தெடுத்த நடுவர் சிலர் குற்றத்தை விசாரித்துத் தீர்ப்புக் கூறுவர். ஆதலின் பிரம்புக்கு வேலை அருகிப்போயிற்று. அடிபட்டு வளர்ந்த ஸ்காட்லாந்துச் சிறுவனது நெஞ்சம் எழும்பூரில் ஒருவாறு ஆறுதலடைந்திருக்கும் எனலாம்.

பயனும் கைமேல் கண்டது. வில்லியம் ஸ்மித் என்னும் பதினேழு வயது மாணாக்கன், 1794-ஆம் ஆண்டில் பிணையாயிருந்த திப்பு சுல்தானின் புதல்வரைத் திரும்ப ஒப்புவிக்கச் சென்ற தூதுக் குழுவுடன் சென்று, சுல்தான் முன்னிலையில் விஞ்ஞானச் சோதனைகளைச் செய்துகாட்டினான். அதே ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் நில அளவைப் பள்ளியொன்றைத் தொடங்கியபோது, அதற்குரிய மாணாக்கரை இவ்விடுதியிலிருந்தே எடுத்தார். அப்பள்ளிதான் வளர்ந்து பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. உத்தியோகக் கதவுகள் அடைக்கப்பட்ட சிறுவர்க்கு அளவைச் சங்கிலி ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் முறை மட்டுமன்று. பிள்ளைகள் இருநூற்றுவரே. அவர்கள் இரவும் பகலும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். கண்காணிப்பாளர் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைக்கத் தக்க அளவினதாக அப்பள்ளி இருந்தது. இதனை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம்; பின்னே வருவதற்கு இது திறவுகோலாகும்.

ஆயிரவர்க்கு ஓர் ஆசிரியர்

உடல்நலங் கருதி 1796-ஆம் ஆண்டில் பெல் ஐயர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். எழும்பூரில் தாம் செய்த சோதனையைக் குறித்து 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள திருச்சபைப் பள்ளியொன்று அம்முறையைக் கைக்கொண்டது. 1801-ஆம் ஆண்டில் அவர் ஸ்வானேஜ் என்னும் கடற்கரையூரின் குருவானவராயினார். அங்கும் தம் முறையை நடத்தினார். அம்மைப்பால் வைக்கும் வழக்கத்தையும் ஊராரிடையே பரப்பினார்.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. நாட்டுப்புறத்துக் குடும்பங்கள் நகரங்களில் வந்து குவிந்தன. தெருக்களில் எழுத்தறியாப் பிள்ளைகள் திரிந்தனர். அவர்களுக்குப் பள்ளி வைக்க அரசாங்கம் பொருள் கொடுக்கவில்லை. தருமவான்கள் கொடுத்ததோ சிறிது. இந்நிலையில் இலண்டன் சவுத்வார்க்கைச் சேர்ந்த ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் 1798-ஆம் ஆண்டளவில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். குவேக்கர் சபையினராகிய அவர், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி, 1803-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். அதில் பெல் ஐயர்க்குத் தாம் கடமைப்பட்டதையும் குறித்தார். ஓர் ஆசிரியர் 1,000 பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம் என்று அவர் அறிவித்தபோது நாடே வியந்தது. 1805-ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அவரை அழைத்துக் கண்டு ஆதரவளித்தார்.

முதலில் நட்பாயிருந்த இருவரும் பின்னர் மாறுபட்டனர். முறையை முதலிற் கண்டவர் யாவர் என்பது ஒரு வழக்கு. பள்ளியில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஞானோபதேசத்தைக் கற்பிக்கவேண்டுமா, எச்சபையார்க்கும் பொதுவாகக் கற்பிக்கவேண்டுமா என்பது அதனினும் பெரிய வழக்கு. திருச்சபையார் பெல் ஐயரை முன்னிட்டு 1811-ஆம் ஆண்டில் தேசீய சங்கத்தை நிறுவினர். லங்காஸ்டரின் ஆதரவாளர் அமைத்த சங்கம் 1814-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அந்நிய நாட்டுப் பாடசாலைச் சங்கம் எனப் பெயர் பெற்றது. இரு சங்கத்தாரும் போட்டியிட்டுப் பள்ளிகளைத் திறந்தனர். அவற்றின் நீண்ட கூடங்களில் சென்னை மணல் மேசைமேல் ஏறிற்று. ஆங்கிலப் பிள்ளைகள் மணற் பலகையில் விரலால் எழுதினர்.

இலக்கம் விளைத்த கேடு

தொகை ஏறுந்தோறும் முறை தன் உயிரை இழந்தது. எழும்பூரில் கற்பிப்பவனும் கற்பவனும் ஒன்றாய் உண்டு உறங்கினர். இலண்டனின் பெருங்கூடத்திலோ, ஒன்பது பத்து வயதுச் சிறுவன், தான் காலையில் மனப்பாடஞ் செய்ததைப் பகலில் அறிமுகமற்ற பத்துப் பதின்மர்க்கு ஒப்புவித்தான். பொருளை வினவினால் அவனுக்கே தெரியாது. ஆசிரியர் மேடைமேல் நின்று மணியடித்துக் கட்டளையிடுவார். பிள்ளைகள் ஒருசேர எழுவர், திரும்புவர், அமர்வர். இயந்திரத்தில் ஒரு சக்கரம் மற்றொன்றைச் சுழற்றுவதுபோலப் பள்ளி நடந்தது. இவ்வொப்புமையை அக்காலத்தோர் புகழ்ச்சியாகவே கூறினர். லங்காஸ்டர் பிரம்பை நீக்கினாரெனினும், குற்றஞ் செய்தவரைக் கூடையிலிட்டு உயரத் தொங்கவிடுதல் போன்ற அவமானத் தண்டனைகளைப் புகுத்தினார். ஆயிரம் பிள்ளைகளை அடக்குவதற்கு அன்பு எட்டாதபோது அவமானமே கருவியாயிற்று.

பெல் ஐயரிடத்தும் ஒரு குறை இருந்தது. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஏழைகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை. அவர்களுட் பெரும்பாலார்க்கு வேதத்தை வாசிக்கத் தெரிந்தாற் போதும் என்று அவர் இங்கிலாந்தில் எழுதினார். மிகுந்த கல்வி ஏழைகளைத் தம் நிலையில் மனநிறைவற்றவராக்கும் என்னும் அச்சம் அக்காலத்துச் செல்வரிடையே இருந்தது; அவரும் அதற்கு இடங்கொடுத்தார். எழும்பூரில் வீடற்ற சிறுவர்க்கு விஞ்ஞானமே கற்பித்தவர் இவ்வாறெழுதியது விந்தையே. அங்கே அவர் முகம் பார்த்துப் பழகிய இருநூறு பிள்ளைகளைக் கண்டார். இங்கேயோ ஏழை மக்கள் என்னும் ஒரு தொகையைக் கண்டார். முகங்கள் மறைந்து தொகையொன்றே நிற்கும்போது நல்லோரது உள்ளமும் சுருங்கிவிடுகின்றது.

1816-ஆம் ஆண்டில் அவர் சுவிட்ஸர்லாந்து சென்று, பிள்ளையின் உள்ளத்தை அறிந்து கற்பிக்கவேண்டுமென்ற பெஸ்டலாட்ஸி என்னும் பேராசிரியரை இவர்டன் நகரில் கண்டார். இருவரும் ஏழைகளின் கல்விக்கு உழைத்தவர். எனினும் ஒருவர் நெறி மற்றவர்க்கு உவப்பாகவில்லை. பெல் ஐயர் தம் முறையே உலகிற்கு ஏற்றதெனத் துணிந்து திரும்பினார்.

இறுதிக் காலமும் கொடையும்

உலகியற் சிறப்புகள் அவருக்குக் குறைவற வந்தன. 1809-ஆம் ஆண்டில் டர்ஹாம் அருகிலுள்ள ஷெர்பர்ன் தருமசாலையின் தலைமையும், 1819-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஒரு பதவியும் கிடைத்தன. இல்வாழ்க்கையோ இனிக்கவில்லை. 1800-ஆம் ஆண்டில் மணம்புரிந்த அவர், ஆறாண்டுகளில் மனைவியைப் பிரிந்தார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைச் சோதிப்பதே அவர் பொழுதுபோக்காயிற்று. அவர் காலமானபோது இம்முறையைத் தழுவிய பள்ளிகள் 12,000-க்கு மேலிருந்தனவெனக் கணக்கிடுவர்.

1832-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள் செல்ட்டனாம் நகரில் அவர் உயிர் துறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. வாழ்நாள் முழுதும் அரிதிற் சேர்த்த பொருளில் 1,20,000 பவுனை ஸ்காட்லாந்து நகரங்களின் கல்விக்கே முன்னதாக அளித்திருந்தார். அதனால் அவர் பிறந்த ஊரில் தோன்றிய பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் எனப் பெயரிட்டனர்; இன்றளவும் அப்பள்ளி அப்பெயரோடே விளங்குகின்றது. அவர் விட்டுச்சென்ற நிதியிலிருந்தே 1876-ஆம் ஆண்டில் எடின்பரோ, செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய இரு சர்வகலாசாலைகளிலும் கல்விநூல் கற்பிக்கும் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன.

கணக்குகள் கூறுவது

இனி, பெல் ஐயர் கண்ட திண்ணைப் பள்ளிகள் எத்தகையன என்பதையும் நோக்குவோம். சென்னை கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் மாகாணமெங்குமுள்ள பள்ளிகளையும் பிள்ளைகளையும் சாதிவாரியாகக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்றோர் ஏறக்குறைய 1,88,650 பேர். பள்ளி ஒன்றுக்குச் சராசரி 15 பிள்ளைகள் எனக் காண்க. பல்லாரி ஜில்லாவிலோ 533 பள்ளிகளில் 6,641 பேர். ஒரு பள்ளிக்கு ஏறக்குறைய 12 பேர்.

பதினைவர் அமர்ந்த திண்ணையில், சட்டாம்பிள்ளை கற்பிக்கும்போதும் அண்ணாவியின் கண்ணும் காதும் எல்லாரையும் எட்டின. அங்ஙனம் எட்டியதனாலேயே அம்முறை பயன்பட்டது. அதனைப் பெல் ஐயர் இருநூற்றுவர்க்கு விரித்தார். அதுவும் அவர் நேரே நின்றமையால் பலித்தது. பிறர் அதனை ஆயிரவர்க்கு விரித்தபோது அறுந்தது.

ஆயினும் அத்திண்ணையைப் பொற்காலமென்று புகழ்ந்துவிடவும் இயலாது. தமிழ் ஜில்லாக்களில் உழவு முதலிய தொழில் செய்த குடிகளின் ஆண்பிள்ளைகள் பெருந்தொகையினராய்ப் படித்தது உண்மையே. பல்லாரியின் 6,641 பேரில் பெண்கள் எத்தனை பேர்? அறுபதே. முகம்மதியர் 243 பேர். அவருள் ஒரு பெண்ணும் இல்லை. தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணைமேல் பெரும்பாலும் இடமேயில்லை. வகுப்பு சிறிதாயிருந்ததற்கு அக்காரணமும் ஒன்று. எல்லாரையும் உள்ளே அழைத்தால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் ஒவ்வொரு பிள்ளையையும் காணும் கண் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதற்குப் பொருள் வேண்டும். பெல் ஐயரின் முறை பொருளில்லாமலே முதலதை நிறைவேற்ற முயன்று, இரண்டாவதை இழந்தது.

இவ்வுண்மையை இங்கிலாந்தார் மெல்ல உணர்ந்தனர். 1846-ஆம் ஆண்டில் அரசாங்கம் பொருள் கொடுத்து, பதின்மூன்று வயது நிரம்பிய மாணாக்க ஆசிரியர்களை ஐந்தாண்டு பழக்கும் ஏற்பாட்டைச் செய்தது; 25 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதே அப்போது வகுத்த அளவு. நம் இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கும், அதன்மேல் எட்டாம் வகுப்புவரை 35 பிள்ளைகளுக்கும் ஓர் ஆசிரியர் இருக்கவேண்டுமென விதித்தது. ஆயிரத்திலிருந்து முப்பதுக்கு இறங்கி வருவதற்கு உலகிற்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன என்க.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை ஆசிரியராவீர். சிற்றூர்ப் பள்ளியொன்றின் வருகைப் பதிவேடு உங்கள் கைக்கு வரும். அதில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று முதலில் எண்ணுங்கள்; எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இல்லை என்றும் எண்ணுங்கள். பின்னர் ஏட்டை மூடிவிட்டு, அப்பிள்ளைகளுள் எத்தனை பேரின் முகம் நினைவில் தோன்றுகின்றது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூர்க் கோட்டையில் எட்டு வயதுச் சிறுவனொருவனைப் பெயர் சொல்லி அழைத்து, உன்னால் இயலும் என்று நம்பிய அந்நாளில் பெல் ஐயர் மிகப் பெரிய ஆசிரியராயிருந்தார். பன்னீராயிரம் பள்ளிகளின் தலைவராய் விளங்கிய நாளினும் அந்நாளே அவர்க்குச் சிறந்த நாள் என்பது எம் துணிபு.